கம்பம் தழைத்த கோடை

ஸ்ரீதேவி தன் கையில் காப்பு கட்டிக்கொள்ளவில்லை. அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே அப்போது நினைத்தாள்.

கொள்ளேகாலைத் தாண்டி, ராமாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவள் பிறந்த ஊர். அங்கே மாரியம்மன் நோன்பு சாட்டிவிட்டால் ஊர் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். பால் வடியும் மரத்தில் மூன்றாகக் கிளை பிரிந்த கொம்பு ஒன்றைப் பார்த்து வெட்டிவந்து கோயில் வாசலில் நடுவார்கள். அதற்குப் பெயர் கம்பம். அம்மனுக்கு அதுதான் புருஷன். தினமும் காலையில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதைக் குளிரவைப்பார்கள். மஞ்சள் நூலைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டவர்கள், பொங்கல் வைத்து முடித்து அந்தக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதாலேயே அந்தப் பயம் நன்றாக ஊறிப்போயிருந்தது.

ஸ்ரீதேவிக்கு மைசூரில் கார்மெண்ட்ஸ் வேலை. சட்டைக்குக் காலர் வைக்கிற லைன். அவளுடைய சூப்பர்வைசர் எந்த அம்மனுக்கும் பயப்படாத ஆள், நோன்புக்கெல்லாம் லீவு தரமாட்டார். அதனால் மகள் அஷ்வினிக்கு மட்டும் காப்பைக் கட்டச் சொன்னாள். நேர்ந்துகொண்டதே அவளுக்காகத்தான். குழந்தைக்கு அம்மை போட்டு, வேப்பிலைமேல் கண் திறக்காமல் கிடந்த நாளில், "இவ எந்திரிச்சு உக்காரட்டும் தாயே, உன் நோன்புக்குக் காப்புக் கட்டித் தண்ணி ஊத்த வெக்கறேன்" என்று கும்பிட்டிருந்தாள். இப்போது அஷ்வினிக்கு ஏழு வயது. ஏதோ வெளிநாட்டு வியாதி என்று பள்ளிக்கூடத்தையும் முன்னாடியே மூடிவிட்டார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. காப்பைக் கட்டி, மகளைத் தன் அம்மா பாப்பம்மாளிடம் விட்டுவிட்டு, நோன்பு முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று பஸ் ஏறினாள்.

அந்த வாரமே நாட்டைப் பூட்டிவிட்டார்கள்.

ஸ்ரீதேவியின் வீடு மைசூரில் ஆலனஹள்ளிப் பக்கம். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பின்னால் துவைக்கிற கல். பக்கத்தில் பெங்களூர்க்காரர் யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன காலி சைட்டு. அதில் அவள் புருஷன் லிங்கப்பனின் டூரிஸ்ட் வேன் நிற்கும். நிற்கும் என்று சொல்வதுகூடச் சரியில்லை, வந்து மூச்சுவிட்டுவிட்டுப் போகும். ஊட்டி, வயநாடு, கூர்க் என்று மாதத்தில் முக்கால்வாசி ரோட்டில் கிடக்கிற மனிதன் அவன். வீட்டுக்கு வருவான், குளிப்பான், சாப்பிடுவான், தூங்குவான், ஒரு போன் வந்ததும் கிளம்பிவிடுவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல ஒரு வாரம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது கிடையாது. அவர்களுக்குள் சண்டையே வராததற்கு இதுதான் காரணம். அக்கம்பக்கத்தில் மட்டும் அவர்களை நல்ல ஜோடி என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

பூட்டிய மூன்றாம் நாளே லிங்கப்பனுக்குக் கையும் காலும் அரிக்க ஆரம்பித்துவிட்டன. வாசலில் நின்றால் போலீஸ் லத்தி. உள்ளே நின்றால் சுவர். வேனிலிருந்து டூல்ஸ் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தான். வீட்டிலுள்ள கதவு, ஜன்னல், பீரோ எல்லாவற்றின் கீலுக்கும் கிரீஸ் வைத்தான். அன்றிலிருந்து எந்தக் கதவும் சத்தமே இல்லாமல் திறந்து அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலின் நான்கு காலையும் கழற்றி அலைன்மெண்ட் பார்த்து மாட்டினான். சமையல்கட்டு அலமாரியை, டிக்கியில் லக்கேஜ் அடுக்குவதுபோலப் பெரியது அடியில், சின்னது மேலே என்று அடுக்கிவைத்தான். பிறகு ஒரு வாரம் ஸ்ரீதேவிக்குக் கடுகு கிடைக்கவில்லை.

"கடுகு எங்கீங்க வெச்சீங்க?"

"அது சின்ன டப்பா. மேல் டெக்."

"டெக்கா? இதென்ன உங்க வண்டியா?"

"வண்டியா இருந்தா இப்படியா வெச்சிருப்பேன்? எல்லாம் குலுங்கிக் கொட்டிப் போயிருக்கும் குரு."

யாரைப் பார்த்தாலும் 'குரு' என்று கூப்பிடுவது மைசூர் டிரைவர்களின் வழக்கம், பெண்டாட்டிக்கும் அதே மரியாதை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தொழிற்சாலையில் அவளுக்கென்று ஒரு மிஷின் இருந்தது, ஒரு ஸ்டூல் இருந்தது, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் நான்கு பக்கமிருந்தும் கை நீட்டுகிற சிநேகிதிகள் இருந்தார்கள். இங்கே சமையல்கட்டுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் எங்கே திரும்பினாலும் ஸ்பானருடன் ஒரு மனிதன் நின்றான். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொஞ்சநேரம் மகளை நினைத்து அழலாம் என்று போனால், அங்கேயும் வந்து, கல் ஆடுகிறது, கீழே சிமெண்ட் வைக்கட்டுமா என்று கேட்டான்.

ஊரில் நிலைமை வேறு. ஊர் இருக்கிற சாமராஜநகர் ஜில்லாவில் ஒருத்தருக்குக்கூட வியாதி இல்லை, பச்சை மண்டலம் என்று டீவியில் சொன்னார்கள். மைசூர் சிவப்பு. பச்சைக்காரர்களுக்குத் தலை கால் புரியவில்லை. ஊருக்குள் நுழைகிற பாதையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, இளவட்டங்கள் காவலுக்கு உட்கார்ந்தார்கள். நோன்பையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டம் சேரக் கூடாது என்று தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பொங்கல் வைக்காமல் கம்பத்தைப் பிடுங்க முடியாது என்று பூசாரி காளியப்பன் கைவிரித்துவிட்டார். பிடுங்காமல் காப்பு அவிழ்க்க முடியாது. கம்பம் நின்றபடி நின்றது. அஷ்வினியும் நின்றாள்.

ஸ்ரீதேவியின் தம்பி அருண்ராஜிடம்தான் ஊரில் நல்ல போன் இருந்தது. சிக்னல் கோயிலை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும்தான் வரும். சாயங்காலம் அங்கே நின்று வீடியோ போடுவான். முதலில் சில நாள் அஷ்வினி அழுதாள். போன் நனைகிற அளவுக்கு அழுதாள். "அம்மா வா, இப்பவே வா, பஸ்ல வா." இந்தப் பக்கம் ஸ்ரீதேவியும் அழுவாள். பின்னால் நின்று லிங்கப்பன் மூக்கை உறிஞ்சுவான். பிறகு ஒருநாள் அழுகை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, குழாயை இறுக்கி மூடினதுபோல ஒரேயடியாக நின்றது. குழந்தை போனைப் பார்த்தாள், சாப்பிட்டாயா என்றதற்குத் தலையாட்டினாள், போகட்டுமா என்று மாமனிடம் கேட்டாள். போய்விட்டாள்.

"பழகிருச்சுக்கா, நல்லா ஆடிட்டுத் திரியறா" என்றான் அருண்ராஜ். ஆறுதலாகத்தான் சொன்னான். ஸ்ரீதேவி போனை லிங்கப்பனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அதன் பிறகு லிங்கப்பனின் வேலையெல்லாம் மகள் பக்கம் திரும்பியது. ரூமில் ஒரு சுவருக்கு மட்டும் ரோஸ் கலர் அடித்தான். பெயிண்ட் கடை மூடிக் கிடந்ததால், யார் வீட்டிலோ மிஞ்சிய சிவப்பையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்தது. காய்ந்ததும் தோலுரித்த பீட்ரூட் நிறத்தில் நின்றது. வேனின் பழைய சீட்டு ஒன்றைக் கழற்றி, மாமரக் கிளை எதுவும் இல்லாததால் மாடிப்படிக்கு அடியில் கயிறு கட்டி ஊஞ்சல் போட்டான். போனில் காட்டினான்.

"அச்சு, இங்க பாரு! யாருக்கு இது? அப்பா யாருக்குப் போட்டேன்?"

அஷ்வினி பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. "பேடா" என்றாள். பள்ளிக்கூடத்தில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளர்கிற பிள்ளை. வேண்டாம் என்பது மட்டும் அவள் வாயில் எப்போதும் கன்னடத்தில்தான் வரும்.

"ஏங் கண்ணு, ஊஞ்சல் வேணும் வேணும்னு கேட்டியே?"

"பேடா. நான் போறேன்."

லிங்கப்பன் ஊஞ்சலைச் சும்மா ஒருமுறை ஆட்டிவிட்டான். அது படியில் இடித்துக்கொண்டு நின்றது.

பிறகுதான் தோட்டம். காலி சைட்டில் இடுப்பளவுக்குப் பார்த்தீனியம் முளைத்துக் கிடந்தது. வேனைச் சுற்றி அதை வெட்டிக் குவித்தான். மண்ணைக் கொத்தினான். வாழ்க்கை முழுக்க ஸ்டியரிங் பிடித்த கைக்கு மண்வெட்டி புதுசு, கொப்புளம் வந்தது. விதைக்கடை ஏது? சமையல்கட்டையே கொள்ளையடித்தான். வெந்தயம், கொத்தமல்லி, அழுகின தக்காளி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, பூசணித் துண்டின் குடலோடு சேர்ந்த விதை, அவரைக்கொட்டை. சாமிக்கு வாங்கிக் காய்ந்துபோன செண்டுப்பூவைக்கூட உதிர்த்துத் தூவினான். வெந்தயம் முதலில் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவன் செய்த அமர்க்களத்தைப் பார்த்தால் ஏதோ பிள்ளை பிறந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

ஸ்ரீதேவி முதலில் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு, உள்ளே உட்கார்ந்திருந்தால் சுவர் நெருக்குவதுபோல இருந்ததால் போனாள். தண்ணீர் ஊற்றினாள், களை பிடுங்கினாள், அவரைக்குக் குச்சி நட்டாள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், கை தானாக வேலை செய்தது. இலையை ஆடு கடித்தமாதிரி பூச்சி தின்றபோது சாம்பல் தூவினாள். எல்லாம் தளதளவென்று வந்தது. அப்படி வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பூசணிக்கொடி வேனின் டயரைத் தாண்டிப் பம்பர்மேல் ஏறியபோது லிங்கப்பன் கைதட்டினான். அவளுக்கு அதைப் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது. விதையாக இருந்தது இத்தனை நீளம் ஆகிவிட்டது, அத்தனை காலம் மகள் பக்கத்தில் இல்லை என்பதைத் தவிர அந்தக் கொடி அவளுக்கு வேறு எதையும் சொல்லவில்லை.

தினமும் போனில் தோட்டத்தைக் காட்டினார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் சர்க்கஸ் காட்டினார்கள். இது பூ, இது பிஞ்சு, இங்கே பார் பட்டாம்பூச்சி. அந்தப் பக்கம் அஷ்வினி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி இருக்கும் நேரத்தில் திரும்பிக்கொண்டு போய்விட்டாள்.

"பெத்தவள மறந்துட்டா" என்றாள் ஸ்ரீதேவி.

"குழந்தைக அப்படித்தான். டிரிப் வர்ற குழந்தைகளப் பாத்திருக்கேனே, இறங்குனதும் வண்டிய மறந்துரும்."

"நான் வண்டியா?"

லிங்கப்பன் தண்ணீர் பைப்பை எடுத்துக்கொண்டு வெந்தயத்தை நோக்கிப் போனான். அன்று ராச்சாப்பாட்டுக்கு இருவரும் தனித்தனியாகத் தட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

ஜூன் பிறந்ததும் ஜில்லா எல்லையைத் திறந்துவிட்டார்கள். பாஸ் வேண்டாம், போகலாம் என்றார்கள். லிங்கப்பன் விடிந்ததும் வேனைக் கழுவினான், பம்பரில் ஏறியிருந்த கொடியை மெதுவாக இறக்கித் தரையில் படரவிட்டான், டயருக்குக் காற்று பார்த்தான். சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் ஸ்ரீதேவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கிளம்பல?"

"கம்பம் இன்னும் புடுங்கலீங்க."

"அதுக்கு?"

"காப்போட எப்படி எல்லை தாண்டறது?"

லிங்கப்பன் அவளையே பார்த்தான். "கவர்மெண்டு வுட்டுருச்சு. போலீஸ் வுட்டுருச்சு. நீ வுட மாட்டியா? ஒரு நூலு தேவி. கத்தரிச்சா ஆச்சு."

"உங்களுக்கு நூலு. அன்னைக்கு வேப்பலைல கெடந்தாளே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க? கேரளாவுல. பக்கத்துல உக்காந்து கும்பிட்டவ நானு. குடுத்த வாக்க நானே அறுக்கறதா? அதுவும் இந்தக் காலத்துலயா? ஊரெல்லாம் சாவு. ஆத்தாகிட்ட விளையாடற நேரமா இது?"

"அப்ப புள்ள அங்கயே இருக்கட்டும். நீ இங்க கீரை ஆஞ்சுட்டு இரு."

அவன் கதவைச் சாத்தினான். அவனே கிரீஸ் வைத்த கதவு. ஓங்கிச் சாத்தியும் சத்தம் வரவில்லை. ஒரு மனிதன் தன் கோபத்தைக்கூடக் காட்ட முடியாத வீடாக அது ஆகியிருந்தது. வெளியே போய் உச்சி வெயிலில் மண்ணைக் கொத்த ஆரம்பித்தான். கொத்த வேண்டிய இடமெல்லாம் தீர்ந்தும், கொத்தினதையே மறுபடி கொத்தினான்.

உள்ளே ஸ்ரீதேவி உட்கார்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். அரசாங்கம் போட்ட பூட்டைத் திட்டிக்கொண்டிருந்தவரை அவளுக்கு ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. இப்போது அந்தப் பூட்டு இல்லை. இருக்கிற ஒரே பூட்டு, அவள் கையால் போட்டது, சாவியும் அவளிடமே இருக்கிறது. திறக்கத்தான் தைரியம் இல்லை. அறுத்த பிறகு குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாதே. தன் கையில் கட்டிக்கொள்ளாமல் பிள்ளை கையில் கட்டிவிட்டு பஸ் ஏறினவள் அவள்தானே. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள், அழுதால் லிங்கப்பன் ஏதாவது ரிப்பேர் செய்ய வந்துவிடுவான்.

அந்த வாரக் கடைசியில் அருண்ராஜ் காலையிலேயே கூப்பிட்டான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"அக்கா, அதிசயம் நடந்திருக்கு. பாரு, நீயே பாரு."

போனைத் திருப்பினான். கோயில் வாசல். நடுவில் கம்பம். மஞ்சள் பூசிய அந்தக் கொம்பின் கணுக்களில், பச்சையாக, எண்ணெய் தேய்த்தமாதிரி பளபளவென்று தளிர். ஒன்றிரண்டு இல்லை, மூன்று கிளையிலும். ஊரே திரண்டு நின்றது. தாலுக்கா ஆபீஸ்காரர்களின் பேச்சு அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆத்தா போறதுக்கு மனசில்லாம வேர் வுட்டுட்டான்னு பூசாரி சொல்றாருக்கா."

"அத்திக் கொம்பு" என்றான் பின்னால் நின்ற லிங்கப்பன். மண் ஒட்டிய கையோடு ஓடிவந்திருந்தான். "பச்சக் கொம்ப நட்டு மாசக்கணக்குல தண்ணி ஊத்துனா தழைக்காம வேற என்ன பண்ணும்?"

ஸ்ரீதேவி அவன் சொன்னதைக் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு சின்ன உருவம் செம்பைத் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல், பழகின கையோடு கம்பத்தின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. அஷ்வினி. மாமன் போனைப் பிடித்திருப்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அருணு, கம்பத்த எப்படா புடுங்குவாங்க?"

"தழைச்சதப் புடுங்க எவனுக்குக்கா தைரியம் வரும்? இனி அது மரந்தான்."

மரம். அது வளரும். அடுத்த வருஷமும் நிற்கும், அதற்கடுத்த வருஷமும் நிற்கும். அன்று மத்தியானமே அவர்களுடைய பின்தெருவில் ஒருத்தருக்கு வியாதி என்று தகரம் அடித்து அடைக்க ஆரம்பித்தார்கள். சுத்தியல் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நாளைக்கு இந்தத் தெருவாக இருக்கலாம்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

லிங்கப்பன் எதற்கு என்று கேட்கவில்லை. கையைக்கூடக் கழுவவில்லை.

டி. நரசிப்பூர் ரோட்டில் வழியெல்லாம் கடைகள் பாதிக் கதவு சாத்திக் கிடந்தன. செக்போஸ்ட்டில் நெற்றியில் சூடு பார்த்து விட்டார்கள். கொள்ளேகால், ஹனூர், ராமாபுரம் என்று லிங்கப்பன் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினான். ரோட்டைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதனுக்கு முகத்தில் ரத்தம் ஓடியது. ஸ்ரீதேவி வழி முழுக்க, போய் என்ன செய்யப்போகிறோம் என்று தனக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பூசாரி காலில் விழுந்து கேட்கலாம், அம்மாவை விட்டுப் பேசச் சொல்லலாம், எப்படியாவது முறைப்படி அவிழ்க்க ஒரு வழி சொல்லாமலா போவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் எல்லையில் முள்வேலி இருந்தது. காவலுக்கிருந்த பையன்கள் எழுந்து நின்று, மைசூர் வண்டி உள்ளே வராது, அங்கேயே நில்லுங்கள் என்றார்கள். அவளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்களின் தம்பிகள். அருண்ராஜுக்குச் சொல்லி அனுப்பினாள். கொஞ்சநேரத்தில் பாப்பம்மாள் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அஷ்வினி வந்தாள்.

இளைத்திருந்தாள். வெயிலில் கருத்திருந்தாள். எண்ணெய் வழிய வாரிச் சடை போட்டிருந்தது. மணிக்கட்டில் காப்பு அழுக்கேறி நைந்து போயிருந்தது. வேலிக்கு வெகுதூரத்திலேயே பாட்டியின் கையை உதறிவிட்டு நின்றுகொண்டாள்.

"அச்சு! கண்ணு! இங்க வா."

குழந்தை ஓர் அடி பின்னால் போனாள்.

"அம்மாடி, நாந்தான். மாஸ்க்கு போட்டிருக்கேன், அதான் தெரியல." ஸ்ரீதேவி மாஸ்க்கை இறக்கிக் காட்டினாள். "வா தங்கம்."

"பேடம்மா! கிட்ட வராத!" அஷ்வினி இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். தொண்டை கிழிந்தது. "நான் எல்லை தாண்டுனா நீ செத்துப் போயிருவ. அப்பாவும் செத்துப் போயிரும்."

லிங்கப்பன் வேன் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"யாரு கண்ணு சொன்னா?"

குழந்தை பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பாப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அழுதுட்டே இருந்தாளே அம்மிணி. சோறு திங்கல. ராவும் பகலும் அம்மா அம்மான்னு. வேலிகிட்ட வந்து வந்து நின்னுட்டா. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? காப்புக் கட்டுனவ அழுவக் கூடாது, ஆசப்படக் கூடாது, ஒழுங்கா தண்ணி ஊத்துனாத்தான் மைசூர்ல உங்கம்மா அப்பன ஆத்தா காப்பாத்துவான்னு சொன்னேன். சொன்ன அன்னைக்கே நின்னுருச்சு. நானும் நல்லதாப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

"நான் அழவே இல்லம்மா" என்றாள் அஷ்வினி. "போன்லகூட அழல. ஊஞ்சலு வேணும்னுகூட நான் நெனைக்கல. நெஜமா."

பெற்றவளை மறந்துவிட்டாள் என்று ஸ்ரீதேவி நினைத்தாளே. அந்தக் கொம்பு தழைக்கிற அளவுக்கு இந்தப் பிள்ளை ஒருத்தி, விடியற்காலையில் எழுந்து, இரண்டு பெரிய மனிதர்களின் உயிரைத் தன் கையில் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். சிரித்தால் அது ஆசையாகிவிடும் என்று சிரிக்காமல் இருந்திருக்கிறாள். தன் சாமிக் குற்றத்துக்குப் பயந்து பயந்து, இந்தச் சின்ன முதுகில் எதை ஏற்றிவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் என்று இருந்தது.

முள்ளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பையன்கள் கத்தினார்கள். உள்ளங்கையில் முள் ஏறியது. அஷ்வினி திரும்பி ஓடினாள், ஓடின பிள்ளையை நான்கு எட்டில் பிடித்தாள். பிள்ளை உதைத்தாள், கடித்தாள். ஸ்ரீதேவி அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காப்பைப் பல்லால் கடித்தாள். மஞ்சளும் அழுக்கும் கசந்தது. நூல் லேசில் அறவில்லை. இன்னொருமுறை கடித்து இழுத்தாள், அறுந்தது.

"என்னடி பண்ணிப்போட்ட பாவி!" என்றாள் பாப்பம்மாள்.

"கட்டுனதும் நான், அறுத்ததும் நான். என்ன வந்தாலும் எனக்கு வரட்டும். ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன்."

அஷ்வினி வாயைத் திறந்தபடி, அசையாமல், அம்மாவின் முகத்தையே பார்த்தாள். எப்போது விழுவாள் என்று பார்க்கிற பார்வை அது.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேனுக்கு வந்தாள். லிங்கப்பன் கதவைத் திறந்தான். யாரும் தடுக்கவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயமோ, சாமிப் பயமோ, அவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

திரும்புகிற வழியில் அஷ்வினி மடியில் உட்கார்ந்தாளே தவிர சாயவில்லை. ஸ்ரீதேவியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கையை இன்னும் அழுத்தினாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு."

கொஞ்சநேரம் கழித்து மறுபடி, "இருக்கியா?"

"இருக்கேன். தூங்கு."

"நான் தூங்க மாட்டேன். தூங்குனா நீ போயிருவ."

முன்னால் இருந்த லிங்கப்பனைக் காட்டி, அப்பா இருக்கிறாரா பார் என்று ஸ்ரீதேவி சொன்னாள். குழந்தை எட்டிப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்து ஓட்டிக்கொண்டே தலையாட்டினான். திரும்பவும் கை நெஞ்சுக்கு வந்துவிட்டது. நூல் அறுந்ததில் குழந்தை அவிழவில்லை என்று ஸ்ரீதேவிக்குப் புரிந்தது. இனி இவள் நம்புகிறவரை, நாள்கணக்கிலோ மாசக்கணக்கிலோ, ஒரு தலைவலிகூட இல்லாமல் தான் உயிரோடு இருந்து காட்டவேண்டும். அதைத் தவிர இதற்கு வேறு பரிகாரம் இல்லை.

கொள்ளேகால் தாண்டி ரோடு தோண்டிப் போட்டிருந்தது. எதிரே வந்த லாரி ஒன்று செம்மண்ணை அள்ளி ஜன்னல் வழியாக இறைத்துவிட்டுப் போனது. ஸ்ரீதேவிக்குத் தொண்டையில் போய் அடைத்தது. இருமல் வந்தது. வாயை இறுக்கினாள். விழுங்கினாள். மறுபடி வந்தது. அந்தக் காலத்தில் ஒரு இருமலுக்கு என்ன அர்த்தம் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நெஞ்சு உள்ளே குலுங்குவதைச் சின்னக் கை கண்டுபிடித்துவிட்டது. அஷ்வினியின் கண் பெரிதாகியது.

"அம்மா, உன் கண்ல தண்ணி வருது. ஏம்மா? உனக்கு என்ன ஆவுது?"

அவளால் வாய் திறந்து பதில் சொல்ல முடியவில்லை. திறந்தால் வந்துவிடும். முகம் சிவந்து, மூச்சு முட்டிக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

லிங்கப்பன் கண்ணாடியில் பார்த்தான். ரோட்டில் ஆளில்லை, மாடில்லை, வளைவுகூட இல்லை. அவன் ஹாரனில் கையை வைத்து விடாமல் அழுத்தினான். "அச்சு, அச்சு, முன்னால பாரு, நரி ஓடுது பாரு!" என்று கத்தினான். டூரிஸ்ட் வண்டியின் ஹாரன், மலை வளைவுகளுக்கென்று மாட்டினது, காது கிழிந்தது. குழந்தை திடுக்கிட்டு முன்பக்கம் திரும்பினாள். ஸ்ரீதேவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில், நெஞ்சு நோக இருமித் தீர்த்தாள்.

ஹாரன் நின்றது.

"நரி எங்கப்பா?"

"போயிருச்சு கண்ணு."

அஷ்வினி திரும்பி, மறுபடி கையை அம்மாவின் நெஞ்சில் வைத்தாள்.